தொலைவில் இருந்தாலும் உரிமையுள்ள சங்கம்

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் வங்கிக் கிளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், சம்பளச் சீட்டே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அங்கே கடன் கிடைப்பது அரிது. சக உறுப்பினர்களின் பிணையில் கடன் தரும் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகம் நகரின் மறுகோடியில் இருக்கலாம். எனினும் அங்கே அவர் வெறும் வாடிக்கையாளர் அல்லர். பங்குத்தொகை எவ்வளவாயினும் ஒரு வாக்குடைய உரிமையாளர். 1905இல் நாட்டின் தொடக்ககாலக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் ஒன்று தோன்றியதும் இன்றைய கர்நாடகத்தின் கதக் அருகேதான்.

ஆனால், வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு, கடன் சங்கச் சேமிப்புக்கு இல்லை. நிர்வாகம் மோசடி செய்தால் இழப்பு முழுவதும் உழைப்பாளியின் தலையில்தான் விழும். இக்காப்பீட்டைச் சங்கங்களுக்கும் விரிவுபடுத்த ஒன்றிய அரசு முன்வர வேண்டும். உறுப்பினர்களும் ஆண்டுப் பேரவையில் தவறாது பங்கேற்றுத் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும்.