பஞ்சரான டயரும் பழுதான தர்க்கமும்

"மோட்டார் சைக்கிள் டயரில் ஆணி ஏறினால் ஒட்டக் கூடாது, டயரையே மாற்றிவிட வேண்டும்" என்னும் அறிவுரை அறிவியல் விதியின் தோரணையில் உலவிவருகிறது. இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். இத்தனை பேரின் அன்றாடத்தையும் பணப்பையையும் தொடும் அறிவுரை ஆராயப்படாமல் கடந்துபோகத் தக்கதன்று.

முதலில் அதன் வலுவான பக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காரில் ஒரு டயர் காற்றிழந்தாலும் மற்ற மூன்றும் வண்டியைத் தாங்கும். மோட்டார் சைக்கிளுக்கு அத்தகைய கையிருப்பு இல்லை. 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இது எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளின் கணக்கு, பஞ்சரின் கணக்கன்று. எனினும் எச்சரிக்கைக்கு இது போதும். ஆனால் "ஆபத்து உண்டு" என்னும் எடுகோளிலிருந்து "ஆகவே எல்லா டயரையும் மாற்று" என்னும் முடிவு பிறப்பதில்லை. இடையில் ஒரு கேள்வி விழுங்கப்பட்டிருக்கிறது: எந்தத் துளை ஆபத்தானது?

அக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. ட்யூப்லெஸ் டயரின் தரைபடும் பகுதியில் இறங்கிய, ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளையை ஒட்டலாம் என்பது டயர்த்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. பக்கச்சுவரில் விழுந்த துளையை ஒட்டவே கூடாது. சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் அப்பகுதி வளைந்து நிமிர்கிறது. ஒட்டு அங்கே நிலைக்காது, அறுந்த இழைகளின் வலிமையையும் மீட்டுத் தராது. காற்றில்லாத டயரோடு வெகுதூரம் ஓட்டப்பட்ட வண்டியானால் துளை சிறிதாயினும் டயர் உள்ளுக்குள் நைந்திருக்கும். உட்புறத்து மடிப்புத் தடமும் உதிர்ந்த ரப்பர்த் துகளும் அதற்குச் சான்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆம் விதி இருசக்கர வாகன டயருக்கு வகுத்துள்ள குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மில்லிமீட்டர். அதற்கும் கீழே தேய்ந்த டயரை ஆணி ஏறாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். பக்கச்சுவரில் பொறித்த நான்கிலக்க எண் பிறந்த தேதியைச் சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். கம்பிச் சக்கரமும் டியூபும் கொண்ட வண்டிகளிலோ காற்றை இழப்பது டியூப். டயருக்குச் சேதமில்லை எனில் ஒட்டவோ மாற்றவோ வேண்டியது டியூபை மட்டுமே. "டயரையே மாற்று" என்போர் இவ்வேறுபாட்டைக்கூடப் பார்ப்பதில்லை.

விவாதம் குழம்புவதற்குச் சொல்லும் ஒரு காரணம். தமிழில் "பஞ்சர் ஒட்டுதல்" என்னும் ஒரே தொடர் இருவேறு செயல்களைக் குறிக்கிறது. ஒன்று, டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து துளையை அரத்தால் அகட்டி, பிசினேற்றிய ரப்பர்க் கயிற்றைச் செருகுவது. மற்றது, டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறத்தைத் தடவிப் பார்த்து, தேய்த்துச் சுத்தம் செய்து, சொல்யூஷன் பூசி, காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து பொருத்துவது. முன்னது கடைவரை கொண்டுசேர்க்கும் முதலுதவி, பின்னதே பழுதுபார்த்தல். மாற்றச் சொல்வோர் முன்னதன் குறைகளைக் காட்டிப் பின்னதையும் சேர்த்துத் தள்ளுகின்றனர்; ஒட்டச் சொல்வோர் பின்னதன் நம்பகத்தை முன்னதற்கும் வழங்கிவிடுகின்றனர்.

"எப்போதும் மாற்று" என்னும் கோட்பாட்டின் விலையை யார் தருகிறார்கள்? உணவு கொண்டுசெல்லும் செயலித் தொழிலாளரை நிறுவனங்கள் "பங்காளர்" என்று அழைக்கின்றன. டயர்ச் செலவு வரும்போது அப்பங்காளி தனியாள். புதிய டயரின் விலை அவருடைய ஒரு நாள் வருவாயை விழுங்கிவிடும். மாற்றுவது ஒன்றே வழி என்று அவரிடம் சொன்னால் அவர் மாற்றமாட்டார்; நான்காவது கயிற்றையும் செருகிக்கொண்டு அடுத்த ஆர்டருக்குப் புறப்படுவார். நல்ல ஒட்டு என்னும் இடைவழியை அடைத்துவிட்டால் எஞ்சுவது மோசமான ஒட்டு மட்டுமே. பாதுகாப்பின் பெயரால் சொல்லப்படும் அறிவுரை பாதுகாப்பைக் கெடுப்பது இவ்வாறுதான்.

சூழலின் கணக்கும் உண்டு. கந்தகத்தால் இறுகிய ரப்பரை நெகிழியைப்போல உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. கழிவு டயருக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதிகள் 2022-இல் வந்தன, வரவேற்கத் தக்கவையே. ஆனால் பாதி ஆயுள் மிஞ்சிய டயரைத் தூளாக்கி எண்ணெயாகக் காய்ச்சுவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்று கொண்டாடுவதற்கு முன், அதை ஓடவிடுவதே முதற்கடமை என்று சொல்லும் துணிவு வேண்டும்.

இனி, மறுதரப்பு. 2012-இல் வெளிவந்த 'ஜுகாட் இன்னொவேஷன்' நூலுக்குப் பின் கையில் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றுவது கருத்தரங்கு மேடைகளில் இந்திய மேதைமையாகிவிட்டது. ஸ்டீவன் ஜாக்சனின் 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை பழுதுபார்ப்பை ஆய்வுப்பொருளாக உயர்த்தியது நற்செயல். அதை மேற்கோள் காட்டும் கையோடு சாலையோரக் கடையின் ஒவ்வொரு செயலையும் "எதிர்ப்பு" என்று வாசிப்பது நற்செயலாகாது. பக்கச்சுவரில் ஒட்டிய டயர் எந்த முதலாளியத்தையும் எதிர்க்கவில்லை. ஓட்டுபவரின் கழுத்தைத்தான் எதிர்க்கிறது. வறுமையால் நேரும் சமரசத்தை அழகியலாக்குவது, கட்டுரை எழுதுபவருக்கு ஒரு காசும் செலவில்லாத புரட்சி.

இவ்விரு தரப்பாரும் பார்க்கத் தவறுவது டயரை மடியில் வைத்துத் தடவிப் பார்க்கும் கையை. இந்தியில் "பனானா" என்னும் வினை ஆக்குவதையும் குறிக்கும், பழுது நீக்குவதையும் குறிக்கும். பஞ்சரையும் "பனாத்தே" என்றே சொல்வர். மொழி தந்த அம்மதிப்பைச் சமூகம் பறித்துக்கொண்டது. வட இந்தியச் சமூக ஊடகங்களில் "பஞ்சர்வாலா" என்பது முஸ்லிம் உழைப்பாளரை இழித்துரைக்கும் வசை. எந்தத் துளையை ஒட்டலாம், எதை ஒட்டினால் ஆள் விழுவார் என்று தீர்மானிப்பவருடைய தொழிற்பெயரை வசைச்சொல்லாக்கிவிட்டு, அவரிடமே உயிரை ஒப்படைத்து நெடுஞ்சாலையில் பறக்கும் முரண் இந்நாட்டுக்கு உறுத்தவில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. டயரைக் கழற்றி உட்புறம் பார்க்காத ஒட்டுக்கு முழு ஒட்டு என்ற பெயர் கூடாது. சாலையோரத் தொழிலாளிக்குக் கருவிகளும் பயிற்சியும், "இதை ஒட்டமாட்டேன்" என்று சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பினாலும் பட்டினி கிடக்காத கூலியும் வேண்டும். செயலி நிறுவனங்கள் டயர்ச் செலவில் பங்கேற்க வேண்டும். இவற்றைப் பேசாமல் "மாற்று" என்பது விற்பனை. "ஒட்டு" என்பது பசப்பு.