திருப்பூர்ப் பள்ளிகளில் பிறமொழிக் குழந்தைகள்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

ஒரு காலத்தில் மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலையை நம்பிக் குடிவந்தவர்களின் பிள்ளைகளை ஏற்று வளர்த்த திருப்பூர்ப் பள்ளிகளுக்கு, இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாம் ஆகிய பிரதேசங்களிலிருந்து வந்து, அனுப்பர்பாளையத்திலும் வேலம்பாளையத்திலும் லைன் வீடுகளில் வசிக்கும் தொழிலாளரின் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். அவர்களைத் தனி அறையில் ஒதுக்கி உட்கார வைப்பதையும், கடைசி பெஞ்சில் மௌனமாக உட்கார்ந்திருக்க விட்டு அதையே சமத்துவம் என்று சொல்லித் திருப்தியடைவதையும், இவ்வட்டாரத்து ஆசிரியர்களும் பெற்றோரும் அங்கத்தினராயுள்ள எமது சங்கம் சரிசமமாக எதிர்க்கிறது. ஏனைய குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்தி, தாய்மொழியைத் துணைகொண்டு, தமிழை இரண்டாம் மொழிக்குரிய முறையோடு கற்பிப்பதே நியாயமான வழி என்பது எமது அபிப்பிராயம்.

முதலாவதாக, வடக்கிலிருந்து வந்த குழந்தை எதுவாயினும் அதை "ஹிந்திக்காரப் பிள்ளை" என்று ஒரே பெயரால் குறிக்கும் வழக்கம் வகுப்பறையைவிட்டு நீங்க வேண்டும். அக்குழந்தையின் வீட்டில் ஒடியாவோ, வங்காளமோ, போஜ்புரியோ, சந்தாலியோ பேசப்படலாம். ஒடிசாவின் கந்தமால் போன்ற மலை ஜில்லாக்களிலிருந்து வந்ததாயின் குயி பேசப்படலாம். ஒடிசா அரசாங்கமே 2006-ஆம் ஆண்டுவாக்கில் பழங்குடிக் குழந்தைகளுக்கு அவரவர் பாஷையில் பாடம் தொடங்கும் திட்டத்தை மேற்கொண்டிருக்க, நாம் அக்குழந்தையிடம் நாலு ஹிந்தி வார்த்தைகள் பேசிவிட்டு நமது கடமை தீர்ந்ததாக எண்ணுவது பொருந்தாது.

பிறமொழிக் குழந்தையின் நோட்டில் "கொடு" என்பது "கோடு" என்றும், "எடு" என்பது "ஏடு" என்றும் மாறிக் கிடப்பதைக் கண்டு, கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடிப்பது எளிது. ஆயினும் எகர ஒகரங்களில் நாம் காட்டும் குறில் நெடில் பேதம் ஹிந்தியிலும் இல்லை, ஒடியாவிலும் வங்காளத்திலும் இல்லை என்பதை அறிந்த ஆசிரியர், அந்தப் பிழையில் சோம்பலைக் காணாமல், இதுவரை கேட்டுப் பழகாத ஒலியைப் பிரித்தறியக் காது படும் பிரயாசையையே காண்பார். கப்பல், தங்கம், மகள் என்ற மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்க, அவ்வொலிகளுக்கெல்லாம் தனித்தனி எழுத்துள்ள பாஷையிலிருந்து வந்த குழந்தை திகைத்து நிற்பது புத்திக்குறைவின் அடையாளமன்று. ளகரமும் ணகரமும் ஒடியாக் குழந்தைக்கு ஏற்கெனவே வசமானவை. வங்காளக் குழந்தைக்கோ புதியவை. இவ்வித நுணுக்கங்களை ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் சிறு கையேடாக அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் வழங்க வேண்டுமெனக் கோருகிறோம்.

இன்னுமோர் அபாயமும் உண்டு. ஒரு குழந்தை மாதக்கணக்கில் வாய் திறவாதிருந்தால், பாஷை தெரியாததே காரணமென்று எல்லோரும் நினைத்துவிட, அதற்குச் செவித்திறன் குறைந்திருப்பது எவர் கண்ணிலும் படாமல் போகக்கூடும். கற்றல் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது. ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதையும் கண்ணையும் அதன் தாய்மொழி அறிந்தவர் துணையோடு பரிசோதிப்பது அவசியம்.

மாற்றுச் சான்றிதழ் இல்லையென்றோ வயதுச் சான்று இல்லையென்றோ சேர்க்கையை மறுக்கலாகாது என்பதும், வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தி விசேஷப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதும் 2010 ஏப்ரல் முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள். எனவே பத்து வயதுச் சிறுமியைத் தமிழெழுத்து தெரியாத காரணத்தால் ஒன்றாம் வகுப்பில் உட்கார்த்துவது சட்ட விரோதம். ஹோலிக்கோ தீபாவளிக்கோ ஊர் போய்த் திரும்பத் தாமதமான குழந்தையின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும் வழக்கத்தையும் எமது சங்கம் கண்டிக்கிறது. விட்ட பாடங்களை ஈடுசெய்யும் பொறுப்பைப் பள்ளியே ஏற்க வேண்டும்.

இவ்வளவையும் ஆசிரியரின் தலையில் மட்டும் சுமத்துவது தர்மமன்று. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புகளையும் அவ்விருவரே நடத்தும் இடத்தில் ஐந்தாறு பாஷைகளும் வந்து சேர்ந்தால், எத்தனை சிரத்தையுள்ளவரும் தளர்ந்துபோவார். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது நல்ல அடித்தளம். ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளையின் அரும்பு நிலையும், தமிழையே கேட்டிராத பிள்ளையின் அரும்பு நிலையும் ஒன்றல்ல. ஆகவே பிறமொழிக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளில், அவர்கள் குடும்பங்களைச் சேர்ந்த படித்த பெண்களையே மொழித் துணைவராகச் சம்பளத்துடன் நியமிக்குமாறு அரசாங்கத்தை வேண்டுகிறோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அவர்களில் ஒடியா பேசும் தாய் ஒருத்தியேனும் இடம்பெறட்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தாய்க்கு வேலைநாளில் அரைநாள் போனால் அந்த வாரச் சம்பளம் குறையும் என்பதால், குழுக் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமையில் நடத்துமாறு தலைமையாசிரியர்களையும், ஷிப்மெண்ட் நெருக்கடியிலும் அன்று அவர்களைக் கூடுதல் வேலைக்கு அழைக்காதிருக்குமாறு கம்பெனி முதலாளிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.