மெஷினை மட்டும் விற்றால் போதுமா?



2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை மறப்போமா? அடுத்த புயலுக்கு மரம் அறுக்கும் மெஷின் நம் கையில் இருக்கணும்.

பழைய மெஷின் கனம்; பலதில் செயின் பிரேக்கே கிடையாது. புதுசு அப்படியில்லை. எகிறினால் பிரேக் செயினை நிறுத்தும். ஆனால் எடுத்த எடுப்பில் முழு வேகம் கொடுக்கலாமா? முதல் இரண்டு மூன்று டேங்க் மிதமாகத்தான் ஓட்டணும். டூ-டி ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புதுச் செயின் சீக்கிரம் தளரும். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு இறுக்கணும்.

இதை இங்கிலீஷ் புத்தகமா நமக்குச் சொல்லித் தரும்? தெரியாமல் ஓட்டினால் போவது சிறு விவசாயியின் காசு, கை, கால்!

அரசே! கடலூர், சிதம்பரம் வட்டார ஊர்களில், மழைக்காலத்துக்கு முன்பே மெஷினை ஓட்டிக் காட்டிப் பயிற்சி கொடு!