நாய் படுகிற பாடு

"நாய் படாத பாடு பட்டிட்டன்" என்று பரீட்சைக் காலத்தில் எல்லாரும் சொல்லுறம். நாய் படுகிற பாடு என்னவென்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறமா?

வீட்டு நாய் நித்திரையில் காலை உதறி முனகினால், "பேயைக் கண்டிட்டுது" என்று தண்ணி தெளிக்கிறோம், தடியால் தட்டுகிறோம். அது பேயுமில்லை, வருத்தமுமில்லை. எங்களைப் போலவே நாய்க்கும் மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக அசைகிற ஒரு நித்திரை உண்டு. அந்த நேரம் மூளைத்தண்டு உடம்பின் தசைகளை அடக்கி வைத்திருக்கும். அதையும் மீறி வருகிற துடிப்புத்தான் அந்த உதறல். அப்போது தட்டி எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். பிறகு "நன்றிகெட்ட நாய்" என்ற பழியும் அதுக்குத்தான். (உடம்பு விறைத்து, கூப்பிட்டும் எழும்பாமல், சலமும் போனால் அது வலிப்பாக இருக்கலாம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேணும்.)

நாங்கள் கவலைப்பட வேண்டிய நாய் வேறு. இரவு முழுக்க எழும்பி, சொறிந்து, சுற்றி, படுத்து, திரும்பவும் எழும்புகிற நாய். அதை எழுப்புவது யமனில்லை: உண்ணி, தெள்ளு, பசி, மூட்டு நோ, ஈரச் சாக்கு, திருவிழா வெடி, நாலடிச் சங்கிலி. இதில் எதை நாய் தானாகத் தேடிக்கொண்டது?

2017இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒருநாள் 6 நிமிடம் நாயைத் தடவி, பந்து விளையாடினார்கள். இன்னொரு நாள் அதே 6 நிமிடம் தனியே விட்டு, மிரட்டுவதுபோலக் கிட்டப் போய், முகம்கொடுக்காமல் இருந்தார்கள். பிறகு நித்திரைகொள்ள விட்டு மூளை அலைகளை அளந்தார்கள். எப்படி நடத்தினார்களோ அதற்கேற்ப நித்திரையின் அமைப்பே மாறியிருந்தது. வெறும் 6 நிமிடம்! நாங்கள் நாள் முழுக்கக் கட்டிப்போட்டு, ஏசி, எறிகிறோம்.

"காவலுக்குத்தானே வளர்க்கிறம், நித்திரை கொள்ளவா?" என்று கேட்பார்கள். நாய் நித்திரையிலும் சத்தம் கேட்டால் எழும்பும். நித்திரையே இல்லாமல் காற்றுக்கும் இலைக்கும் குலைக்கிற நாயால் யாருக்குக் காவல்?

வளாகத்தில் ஒடுக்குமுறைக்கு எதிராகக் கோஷம் போட்டுவிட்டு, படிக்கட்டில் படுத்திருக்கிற நாயைச் செருப்பால் உதைத்து எழுப்புகிற தோழர்களுக்கும் இதே கேள்விதான்.

சங்கிலியைக் கழற்றுங்கள், சாக்கைக் காய வையுங்கள், காதுக்குள்ளே உண்ணி பாருங்கள். எழுப்பத்தான் வேணுமென்றால் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இதுக்குக் காசு தேவையில்லை. பக்கத்தில் கிடக்கிற உயிருக்கும் நோகும் என்ற நினைப்பு இருந்தால் போதும்.