150 என்றால் 150 தாங்குமா?

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டையை நீராவியில் வேகவைக்கும் யூனிட் ஆனாலும், கடலூர் சிப்காட்டில் உள்ள ரசாயன ஆலை ஆனாலும், பைப் வேலை நடக்கும் இடத்தில் ஒரு நம்பிக்கை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பைப்புகளை இணைக்கும் பிளாஞ்சில் 150 என்று அடித்திருந்தால் அது 150 பவுண்டு அழுத்தம் தாங்கும். சந்தேகமாக இருந்தால் 300 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். "கெட்டியா போட்டுட்டேன் சார், இனி கவலையில்ல" என்பார் ஃபிட்டர். முதலாளியும் தலையாட்டுவார்.

இந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் பொய். சாதாரண கார்பன் ஸ்டீலில் செய்த 150 கிளாஸ் பிளாஞ்ச், 38 டிகிரி வரை 19.6 பார் தாங்கும். அதாவது சுமார் 284 பவுண்டு, நம்பியதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதே பிளாஞ்ச் 200 டிகிரியில் 13.8 பாருக்கும், தெர்மிக் ஆயில் ஓடும் 300 டிகிரியில் 10.2 பாருக்கும் இறங்கிவிடும். 400 டிகிரியில் 6.5 பார்தான், நூறு பவுண்டுகூட இல்லை. வெப்பத்தைச் சொல்லாமல் அழுத்தத்தை மட்டும் சொல்வது பாதி விலாசம் எழுதி அனுப்பிய கடிதம். நம் விவசாயிகள் வாங்கும் '6 கிலோ' பிவிசி பைப்பும் அப்படித்தான்: அந்த 6 கிலோ, 27 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் வரப்போரம் திறந்து கிடக்கும் பைப்புக்கு அது பொருந்தாது.

சரி, கெட்டியாகவே போட்டோம் என்று வையுங்கள். பைப் கனமான சி கிளாஸ், பிளாஞ்ச் 300. நடுவில் ஒரு மலிவு வால்வோ ஒரு கேஸ்கட்டோ இருந்தால் லைனின் பலம் அதன் பலம்தான். 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில் 28 பேர் இறந்தது ஒரு தற்காலிக பைபாஸ் பைப்பால். அதன் படம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டதுதான். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பான பெல்லோஸ்; அவற்றின் மீது விழும் விசையை யாரும் கணக்கிடவில்லை. டெஸ்ட் செய்தார்களே என்பீர்கள். செய்தார்கள், 9 கிலோவில். சேஃப்டி வால்வு திறக்க வேண்டிய அழுத்தமோ 11 கிலோ!

இங்கும் அதே கதைதான். கேஜ் முள் தினமும் எங்கே நிற்கிறதோ அதை வைத்தே பைப் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது, சேஃப்டி வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும், பம்ப் ஓடும்போது வால்வை முழுக்க மூடினால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை. இதைக் கணக்குப் போட ஒரு பொறியாளருக்குக் கொடுக்கும் கூலி, தேவையில்லாமல் வாங்கிய கனமான பிளாஞ்சுகளின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். (கனம் கூடினால் தாங்கிகளுக்கும் சுமை கூடும் என்பதை நம்மூரில் யாரும் நினைப்பதே இல்லை.)

அடுத்த முறை கடைக்காரர் "எத்தனை கிலோ வேணும்?" என்று கேட்டால், "எத்தனை டிகிரியில?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் நீராவிக்குப் பைப் வாங்காதீர்கள்.