மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்



எழுபது வயதுக்கு மேல் வீடு மாறுகிறவர்கள் புதுச்சேரியில் அதிகமாகிவிட்டார்கள். மாடிப்படி ஏற முடியவில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில், பழைய வீட்டைப் பராமரிக்க ஆள் இல்லை என்று ஆளுக்கொரு காரணம். நானும் என் மனைவியும் முத்தியால்பேட்டை வீட்டை விற்றுவிட்டு லாஸ்பேட்டையில் ஓர் அடுக்ககத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

வீடு மாறும்போது எல்லோரும் லாரிக்காரர், பால்காரர், பால் காய்ச்ச நல்ல நாள் என்று அலைகிறோம். கரண்ட் பில்லும் கேஸ் புத்தகமும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால், "எந்தக் கம்பெனி மலிவு?" என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி என்பது என் கருத்து. வீடு மாறும் நாளில் மீட்டர் எந்த எண்ணில் நிற்கிறது, பில் யார் பெயரில் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இதைக் கவனிக்காமல் விட்டதால் நம் வயதுக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நம் ஊரில் மின்சாரத்துக்கு ஒரே இடம்தான், அரசு மின்துறை. கம்பெனி மாற்றும் பேச்சே இல்லை. ஆனால் பாக்கி என்று ஒன்று இருக்கிறது. வீட்டை வாங்கியவர், பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின்கட்டணப் பாக்கியைக் கட்ட வேண்டுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இருந்தது. கேரள மின்சார வாரியம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கோடு பல மேல்முறையீடுகளைச் சேர்த்து விசாரித்து, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பகுதியின் மின் வழங்கல் விதிகளில் இடம் இருந்தால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என்பது அதன் சாரம். சுருக்கமாகச் சொன்னால், நம் நாட்டில் பாக்கி ஆளோடு மட்டும் போவதில்லை, வீட்டோடும் ஒட்டிக்கொண்டு வரலாம்.

ஆகவேதான் லாஸ்பேட்டை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், கடைசி பன்னிரண்டு மாத பில்லும் ரசீதும் வேண்டும் என்று கேட்டேன். விற்றவர் நல்ல மனிதர்தான். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றார். நான் விடவில்லை. பார்த்தால் இரண்டு பில் கட்டாமல் கிடந்தது, 4,310 ரூபாய். மீதித் தொகையில் அதைக் கழித்து நானே கட்டி, ரசீதைப் பத்திர நகலோடு சேர்த்து வைத்தேன். அவருக்கும் வருத்தம் இல்லை. பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. வகுப்பில் எங்கள் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போடுவார்: 'லே போன் கோந்த்து ஃபோன் லே போன்ஸாமி'. கணக்கு சரியாக இருந்தால் நட்பும் நன்றாக இருக்கும் என்று பொருள்.

எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. காலமான என் நண்பர் ஒருவரின் மனைவி, தனியாக இருக்க முடியாமல் தங்கை வீட்டோடு போய்விட்டார். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டார். பில் அவர் கணவர் பெயரிலேயே இருந்தது. பில் குறுஞ்செய்தி போவதும் கணவரின் பழைய கைப்பேசி எண்ணுக்கு. அந்தக் கைப்பேசியோ அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. குடியிருந்தவர் ஐந்து மாதம் கட்டாமல், ஒருநாள் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா போய்க் கதவைத் திறந்தபோது விளக்கு எரியவில்லை. பத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். "அவர் இருந்தவரைக்கும் பில் எங்கே வருது, எப்படிக் கட்டுறாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது அண்ணா" என்று அவர் சொன்னது இன்னும் மனதை உறுத்துகிறது. தொகையைவிட, அந்த அறியாமையில் அவரை விட்டுவைத்த நம் தலைமுறை ஆண்களின் பழக்கம்தான் என்னை அதிகம் சுடுகிறது.

பெயர் மாற்றத்தால் இன்னொரு பயனும் உண்டு. இணைப்பு வாங்கும்போது கட்டிய காப்புத் தொகை சும்மா கிடக்கும் பணம் அல்ல. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி அதற்கு வட்டி உண்டு, கட்டியவர் கேட்டால் திருப்பித் தரவும் வேண்டும். வீட்டை விற்கிறவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது வாங்குகிறவரிடம் அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இரண்டும் செய்யாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

கேஸ் விஷயத்தில் நமக்குக் கம்பெனி மாற்றும் உரிமையே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இண்டேன், பாரத், எச்.பி. என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வசதி 2014-இல் நாட்டின் பல மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் கணக்கைப் பார்த்துச் செய்யுங்கள். கம்பெனி மாறினால் பழைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு என்ன டெபாசிட் கட்டினீர்களோ அதுதான் திரும்ப வரும். புதிய இடத்தில் இன்றைய டெபாசிட் கட்ட வேண்டும். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கான டெபாசிட் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ஆனது, ரெகுலேட்டருக்கு 150-லிருந்து 250. முப்பது நாற்பது வருடத்துக்கு முன் இணைப்பு வாங்கிய நம் போன்றவர்களுக்கு இதில் கைப்பணம்தான் போகும். அதே ஊருக்குள், அதே கம்பெனியின் வேறு ஏஜென்சிக்கு மாறினால் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை, முகவரியும் ஏஜென்சியும் மாறினால் போதும். நான் அப்படித்தான் செய்தேன். வெளியூர் போகிறவர்கள் ஒப்படைத்ததற்கான சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பிரான்ஸ் கதை. புதுச்சேரிக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு பிள்ளையாவது இருக்கும், எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். போன வருடம் பாரீஸ் புறநகரிலேயே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறினாள். அங்கே 1946-இல் மின்சாரத்தை நாட்டுடைமையாக்கி ஈ.டி.எஃப். என்ற ஒரே நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2007 ஜூலை 1 முதல் வீடுகளுக்கும் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகிவிட்டது. கம்பெனி மாற்றக் கட்டணம் இல்லை, கரண்டும் நிற்காது. காரணம் எளிது. பெரும்பாலான ஊர்களில் கம்பியும் மீட்டரும் எனெதிஸ் என்ற தனி அமைப்பின் கையில். எந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினாலும் வருவது அதே கம்பி, அதே மின்சாரம். மாறுவது விலையும் பில்லின் தலைப்பும்தான்.

அங்கே பாக்கி ஆளோடு போகும், வீட்டோடு வராது. முன்னால் இருந்தவர் கட்டாததற்கு என் மகள் பொறுப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீடு மாறினால் ஒப்பந்தம் தானாகக் கூடவே வராது. பழைய வீட்டு ஒப்பந்தத்தை முடிக்கச் சொல்வது நம் வேலை, புது வீட்டில் நம் பெயரில் புதிதாகத் தொடங்குவதும் நம் வேலை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கம்பெனியை மட்டும் மாற்றினால், பழையதை முடிப்பதைப் புதுக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் தெரியாமல், காலி செய்த வீட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இப்போது அங்கே பெரும்பாலான வீடுகளில் லின்க்கி என்ற தானியங்கி மீட்டர். அளவை அதுவே அனுப்பிவிடும். இருந்தாலும் மகளிடம் சொன்னேன்: "சாவி கைமாறும்போது மீட்டரை ஒரு போட்டோ எடும்மா. முன்னாடி இருந்தவங்களையும் பக்கத்துல வச்சுக்க." ஒப்படைப்புத் தாளில் அந்த எண்ணை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகுதான் கம்பெனிகளின் விலையை ஒப்பிட உட்கார்ந்தாள். அங்கே வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்கள் பில்லைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்கும் விற்பனையாளர்கள் உண்டு. பில்லில் இருக்கும் மீட்டர் அடையாள எண் கிடைத்தால் ஒப்பந்தத்தை மாற்றிவிடப் பார்ப்பார்கள். அப்படி வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல சட்டம் இடம் கொடுக்கிறது. பிள்ளைகள் வீட்டில் தங்கப் போகும் பெரியவர்கள் இதை நினைவில் வையுங்கள், பகலில் கதவைத் திறப்பது நாம்தான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுப்பதாக 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. 2022-இல் நம் மின்துறை ஊழியர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததும், இருட்டில் நாம் விசிறியோடு உட்கார்ந்ததும் மறந்திருக்காது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் மின்சாரம் வழங்க வழி செய்யும் மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு நிலைக்குழுவுக்குப் போனது. மும்பை புறநகரில் டாடா, அதானி என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது.

இது நல்லதா கெட்டதா என்று நம் நண்பர்கள் கடற்கரையில் மாலை தோறும் வாதாடுகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். தன் பில்லைப் படிக்கத் தெரியாதவருக்குப் பத்துக் கம்பெனி இருந்தாலும் பயனில்லை. ஒரே அரசுத்துறை இருந்தாலும் பாதுகாப்பில்லை. ஐந்து மாதப் பாக்கியோடு இருட்டில் நின்ற அந்த அம்மாவுக்கு எந்தப் போட்டியும் உதவியிருக்காது. அவர் பெயரும் அவர் கைப்பேசி எண்ணும் அந்தப் பில்லில் இருந்திருந்தால், முதல் மாதமே தெரிந்திருக்கும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். நான் வீடு மாறியபோது பத்திரப் பதிவுக்கு ஒரு வாசல், மின் இணைப்பு பெயர் மாற்றத்துக்கு இன்னொரு வாசல் என்று ஏறி இறங்கினேன். பத்திரம் பதிவாகும் அன்றே பாக்கி இல்லை என்ற சான்றைக் காட்டி, பெயர் மாற்ற மனுவையும் அங்கேயே வாங்கிக்கொண்டால் பாதித் தகராறு தீரும். கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்கு ஒரு படிவமும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.

அது வரும்வரை நம் வேலையை நாம் செய்வோம். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். பெயர் யாருடையது, கைப்பேசி எண் யாருடையது? பாலிசி எண்ணையும் கேஸ் இணைப்பு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரெஞ்சிலும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு 'போலீஸ்' என்றுதான் பெயர், பயப்பட வேண்டாம். வீட்டை விற்றாலும் வாங்கினாலும், வாடகைக்கு விட்டாலும், மீட்டர் எண்ணைத் தேதியோடு எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். முக்கியமாக, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவையுங்கள். அடுத்த பில்லை அவரையே கட்டச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.