கொத்துக்குப் பயம், தும்மலுக்கு இல்லை

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் சந்தை ஆடுகளுக்குப் பேர்போனது. நாட்டுக்கோழிகளும் சேவல்களும் அங்கே நிறைய கைமாறுகின்றன. பல ஊர்க் கோழிகள் கால் கட்டப்பட்டு ஒரே தரையில் கிடக்கும். இப்படி ஒரு சந்தையில் வாங்கிய வெடைக்கோழியை அன்று இரவே பழைய கோழிகளோடு கூட்டில் அடைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, விடிவதற்குள் ஒன்றோடொன்று பழகிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இருட்டில் அடங்கிக் கிடக்கும் என்பது சரிதான். விடிந்து கூட்டைத் திறந்ததும் கொத்து விழும். நார்வே விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். எந்தக் கோழி எதைக் கொத்தும், எது பதிலுக்குக் கொத்தாமல் ஒதுங்கும் என்பதில் ஒரு வரிசை இருக்கிறது என்று 1922இல் எழுதினார். புதிதாக ஒன்று நுழைந்தால் அதன் இடம் எது என்று தீரும்வரை சண்டை நடக்கும். ஒற்றைக் கோழியாக விட்டால் எல்லாக் கொத்தும் அதன் தலையிலேயே விழும். ஒரே அளவுள்ள இரண்டு மூன்றைச் சேர்த்து விட்டால் அடி பங்காகிவிடும். அரசு மானியத்தில் கிடைக்கும் நான்கு வாரக் குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடுவது வம்பு. அவை ஓரளவு உடம்பு பிடிக்கும்வரை தனியே வளர வேண்டும்.

பாட்டிகள் இதற்குப் பஞ்சாரம் என்ற கோழிக்கூடையைப் பயன்படுத்தினார்கள். முற்றத்தில் புதுக்கோழியின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தால் பழையவை சுற்றிவந்து பார்க்கும், எட்டிக் கொத்த முடியாது. ஒரு வாரம் போனால் வேகம் பாதி தணிந்திருக்கும். பிறகு தீனியும் தண்ணீரும் இரண்டு இடங்களில் வைத்துத் திறந்துவிட்டால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ரத்தம் வந்த கோழியை மட்டும் உடனே பிரிக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது.

ஆனால் பஞ்சாரத்தின் இடுக்கு வழியே தும்மல் போகும்.

கொத்துப்பட்ட கோழி பிழைத்துக்கொள்ளும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூடே காலியாகும். 1920களின் பிற்பகுதியில் இமயமலை ஊரான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அந்த ஊரின் பெயரையே பெற்ற நோய் இது. வைரஸ் தொற்றியபின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள் ஆகும், சில சமயம் இரண்டு வாரமும் ஆகலாம். ஆகவே சந்தையில் துள்ளிய கோழி அடுத்த வாரம் பச்சையாகக் கழிந்து கழுத்தைத் திருகிக்கொண்டு விழுவதில் ஆச்சரியமில்லை. ஊரில் நாலு கோழி செத்ததுமே மிச்சத்தைச் சந்தைக்கு ஓட்டிவிடும் பழக்கமும் இருக்கிறது. விற்பவருக்கு அது நஷ்டத்தைக் குறைக்கும் வழி. வாங்குபவர் வீட்டுக்கு நோயும் கூடவே வருகிறது. சளி கண்டு தேறிய கோழி பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் கிருமியை நெடுநாள் சுமந்து திரியலாம்.

அதனால் முதலில் தேவைப்படுவது தூரம். புதுக்கோழியை மூன்று வாரமாவது, முடிந்தால் ஒரு மாதம், வீட்டின் மறுகோடியில் தனியே வைக்க வேண்டும். பழைய கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் அதனிடம் போக வேண்டும். தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்க வேண்டும், எச்சம் ஒட்டிய செருப்பும் கூட்டுப் பக்கம் வரக்கூடாது. மூன்று சென்ட் மனையில் மறுகோடிக்கு எங்கே போவது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். கோழி வளர்க்காத உறவினர் வீட்டுத் திண்ணை அதற்கு உதவும். முட்டை கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். பஞ்சாரம் அதற்குப் பிறகுதான்.

இதில் அரசும் செய்யவேண்டியது இருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவார இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் ஆடியில் வாங்கிய கோழிக்கு அது உதவாது. ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியாக மருந்து வாங்கவும் வழியில்லை. குப்பியில் 100 கோழிக்கான மருந்து இருக்கும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியாகவே கொடுக்கக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. அது சின்னப் பொட்டலங்களாக எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் கிடைக்க வேண்டும். ஊசிதான் போடுவதென்றால், ஒவ்வொரு மருந்தகமும் மாதத்தில் ஒரு நாளைக் கோழிக்கென ஒதுக்கி முன்கூட்டியே அறிவிக்கலாம். தனியே வைத்திருக்கும் நாட்களிலேயே ஊசி போட்டு, எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் விட்டு, அதன்பின் கூட்டில் சேர்க்க அப்போது வசதிப்படும்.